வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு பேட்ஜ்: யார் இந்தப் பையன்கள்?

கேள்வி, 13.06.2024

பெங்களூரு ஸ்டேஷனில் மயிலாடுதுறை வண்டிக்குக் காத்திருந்தபோது இரண்டு பையன்களைப் பார்த்தேன். இருபது வயதுகூட இருக்காது. வெள்ளை அரைக்கைச் சட்டை, டை, சட்டைப் பையில் கறுப்பு பேட்ஜ். ஒருவன் நம் பக்கத்து முகம், இன்னொருவன் வடகிழக்கு மாதிரி. இரண்டு பேர் பேட்ஜிலும் 'எல்டர்' என்று போட்டிருந்தது. விசாரித்தால் மார்மன் சபை ஊழியமாம். இரண்டு வருஷம் வீட்டுக்கே போக மாட்டார்களாம். இந்த வயசில் பிள்ளையைப் பிரித்து, கூடவே ஒரு ஆளையும் காவல் போட்டு அனுப்புவதற்குப் பெயர் மூளைச்சலவைதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

14.06.2024, இரவு

நான் போயிருக்கிறேன். அதே பேட்ஜ், அதே டை, 2012 ஜூலையிலிருந்து 2014 ஜூலை வரை. ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, கடைமடை. அப்போது நாகப்பட்டினம் மாவட்டம், இப்போது மயிலாடுதுறை.

முதலில் பெயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் முழுப் பெயர். மார்மன் என்பது மற்றவர்கள் கூப்பிட்ட பெயர், அவர்களிடம் இருக்கும் மார்மன் புஸ்தகத்தால் வந்தது. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்த சபை. ஆண்பிள்ளைகள் ஊழியம் போனால் 24 மாதம், பெண்பிள்ளைகள் 18 மாதம். சம்பளம் கிடையாது. செலவு நம்முடையது அல்லது நம் வீட்டுடையது. முடியாதவர்களுக்குச் சபையின் பொது நிதியிலிருந்து உதவி உண்டு, எனக்கும் கிடைத்தது. எல்டர் என்றால் மூப்பர். மீசை ஒழுங்காக முளைக்காத பத்தொன்பது வயசில் நான் மூப்பர்.

மூளைச்சலவை பற்றிக் கேட்டீர்கள். காலை 6 மணிக்கு எழுந்து, உடற்பயிற்சி, படிப்பு, பத்து மணிக்கு வெளியே கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்கு வீடு, பத்தரைக்குத் தூக்கம். சலவை செய்ய மூளைக்கு நேரம் ஏது? துணிச் சலவைக்கே வாரத்தில் ஒரு நாள்தான், திங்கட்கிழமை. அதற்குப் பி-டே என்று பெயர்.

அழுது புரண்டிருப்பான் என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

15.06.2024

திருத்தம். எழுந்திருப்பது 6 இல்லை, 6.30. ஊரில் நாலரைக்கு எழுந்து பழகியவனுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பெரிய தண்டனை. முழித்துக்கொண்டு படுத்திருப்பேன். ஃபேன் சுற்றும்.

15.06.2024, கொஞ்ச நேரம் கழித்து

'காவல் ஆள்' பற்றிச் சொல்ல விட்டுப்போனது. அவருக்குக் கம்பேனியன் என்று பெயர், நான் தமிழில் கூட்டாளி என்றே எழுதுகிறேன். எப்போதும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்க வேண்டும். கடைக்குப் போனாலும் இரண்டு பேர், முடி வெட்டப் போனாலும் இரண்டு பேர். கக்கூஸ் ஒன்றுதான் விதிவிலக்கு. வயலில் ஒற்றை ஆளாக நாள் முழுக்கக் கிடந்து வளர்ந்தவனுக்கு இது புழுக்கமாக இருந்தது. சாமி, வேதம், அனுப்பிய இடத்துத் தெலுங்கு இதெல்லாம் அப்புறம். முதல் கஷ்டம் இதுதான்: தனியாக இருக்க ஐந்து நிமிஷம் கிடைக்காது.

18.06.2024

பேட்ஜ் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கறுப்பு, பிளாஸ்டிக். மேலே எல்டர் என்று பட்டம், பக்கத்தில் குடும்பப் பெயர். கீழே சபையின் பெயர், அதில் இயேசு கிறிஸ்து என்பது மட்டும் பெரிய எழுத்தில்.

குடும்பப் பெயரில்தான் வேடிக்கை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள், பாஸ்போர்ட்டில் இருந்தபடி அப்பா பெயரை எழுதினேன். பேட்ஜ் வந்தது. எல்டர், பக்கத்தில் அப்பா பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை.

ஊழியம் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. பேசாத அப்பாவின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்தேன். நாளைக்கு நாற்பது தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் திரும்பிப் பார்ப்பேன். முதல் நாட்களில் உடனே திரும்ப வராது. அப்பா எங்கேயோ பின்னால் நிற்கிறார் என்று ஒரு விநாடி தோன்றும்.

19.06.2024

எப்படிச் சேர்ந்தாய், காசு கொடுத்தார்களா என்று கேட்டவருக்கு: இல்லை. கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்தேன். அறைத் தோழன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனான். அங்கே பாட்டு நன்றாக இருந்தது, யாரும் என்ன சாதி என்று கேட்கவில்லை. பதினெட்டு வயசில் ஞானஸ்நானம். ஒரு வருஷமாவது ஆன பிறகுதான் ஊழியத்துக்கு விண்ணப்பிக்க முடியும்.

இது நேற்று முளைத்த சபை என்று நினைத்தவர்களுக்கு ஒரு தகவல். மார்மன் ஊழியக்காரர்கள் 1853-லேயே மெட்ராஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அதில் ரிச்சர்டு பாலன்டைன் என்பவர், அவர்கள் சபையில் ஞாயிறு பள்ளியை ஆரம்பித்தவர். மறு வருஷமே மூட்டை கட்டிவிட்டார். வெயிலாக இருக்கும் என்பது என் ஊகம்.

21.06.2024

காபி.

இதை எழுதாமல் விட்டால் என் அம்மா மன்னிக்க மாட்டாள். சபையில் மது, புகையிலை, டீ, காபி நான்கும் கூடாது. 1833-ல் அறிவுரையாக வந்து, பின்னால் கட்டளையானது. மதுவும் புகையிலையும் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். அப்பாவின் வெற்றிலைச் சீவலோடு போயிலையும் சேர்த்து நிறுத்துவார்களா என்றுகூடக் கேட்டாள். காபிதான் பிரச்சினை. விடியற்காலை மாட்டைக் கறந்து அந்தப் பாலில் போடும் காபி. கோயம்புத்தூரிலிருந்து வந்த பையன் டம்ளரை ஆற்றிக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்கிறான். சாமியை விட்டதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள், காபியை விட்டதைப் பொறுக்கவில்லை. கிளம்பும் நாள் காலையிலும் ஒரு டம்ளர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். பஸ் வரும்வரை அது அங்கேயே இருந்தது. மேலே ஆடை கட்டிவிட்டது.

இப்போது குடிக்கிறேன். காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அதை வைத்து நான் சபையில் இருக்கிறேனா இல்லையா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

24.06.2024

ஊழியத்தின் முதல் நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால் காபி, பேட்ஜ் என்று சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்கிறார் ஒருவர். சரி.

பயிற்சி நிலையத்து நாட்களை விட்டுவிடுகிறேன், அங்கே எல்லாமே பள்ளிக்கூடம். நிஜமான முதல் நாள் ராஜமுந்திரியில். கோதாவரிக் கரை. ஸ்டேஷனில் கூட்டாளி நின்றான், சுமார் ஆறடி இரண்டு அங்குலம், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து. அமெரிக்காவில் யூட்டா மாநிலம். எனக்கு ஒரு வயது மூத்தவன். அவன்தான் முதல் பன்னிரண்டு வாரம் எனக்குப் பயிற்சி தர வேண்டியவன். புதிதாக வருபவனுக்கு அவர்களுக்குள் ஒரு பட்டப் பெயர், கிரீனி. பச்சைப் பயல் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு நாற்றுதான் ஞாபகம் வந்தது. பறித்து நட்ட மூன்றாம் நாள் வயலைப் பார்த்தால் எல்லாம் செத்துவிட்டது மாதிரி துவண்டு கிடக்கும். தெரியாதவன் பயந்துபோவான்.

அன்று ஆடிப்பெருக்கு. வண்டியில் வரும்போதே அது மனசில் ஓடிக்கொண்டிருந்தது. சாயந்திரம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் சாப்பாடு. அந்த அம்மா என் இலைப் பக்கம் வந்து "பெருகு?" என்றார்கள். நான், ஆடிப்பெருக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள், தெலுங்குக்காரர்களுக்கும் உண்டுபோல என்று உற்சாகமாகி, எங்கள் ஊரில் ஆற்றுக்குப் போவோம், காதோலை கருகமணி விடுவோம், சித்திரான்னம் கட்டிக்கொண்டு போவோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் பேசினேன். அந்த அம்மா கையில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெருகு என்றால் தயிர்.

கடைசியில் தயிர் ஊற்றினார்கள். இந்த வருஷம் எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

25.06.2024

தெரியாதவர்களுக்கு: மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012-ல் திறந்தது செப்டம்பர் 17. குறுவை போச்சு. மேற்கே போர்வெல் போட்டவர்கள் ஏதோ சமாளித்தார்கள். எங்கள் பக்கம் கடல் கிட்ட, போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர். வானத்தையும் மேட்டூரையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இந்த ஜூன் 12-லும் திறக்கவில்லை, பார்த்திருப்பீர்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு எழுத நேரம் கிடைக்கிறது.

30.06.2024

ஒரு பெரிய திருத்தம் போட வேண்டியிருக்கிறது.

நான் இங்கே எழுதுவதைத் தங்கச்சி அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து என் கடிதக் கட்டைக் கொண்டுவந்து போட்டாள். அந்தக் காலத்தில் வாரம் ஒரு நாள் மின்னஞ்சல் அனுப்பலாம், போன் வருஷத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். (2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் வீட்டோடு பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். நீங்கள் ஸ்டேஷனில் பார்த்த பையன்கள் கொடுத்து வைத்தவர்கள்.) எங்கள் வீட்டில் மின்னஞ்சல் யார் பார்ப்பது? அதனால் நீல நிற இன்லேண்ட் லெட்டர், திங்கட்கிழமை தோறும்.

முதல் கடிதம், 2012 ஆகஸ்ட் 6. "சாப்பாடு நல்லா இருக்கு. எல்லாரும் பாசமா இருக்காங்க. பாத்ரூம் பெரிசு." பாத்ரூம் பெரிசு என்று எதற்கு எழுதினேன் என்று தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஞாபகம் வந்துவிட்டது.

முதல் வாரம் அழவில்லை என்று எழுதினேன் அல்லவா, பொய். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, மறந்தே போயிருந்தேன். தனியாக இருக்கக் கிடைத்த ஒரே இடம் பாத்ரூம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து விட்டு அழுவேன். காலையில் ஒரு முறை, படுப்பதற்கு முன் ஒரு முறை. நாலாம் நாள் மாடித் தொட்டி காலி. வீட்டுக்காரர் வந்து கத்தினார். கூட்டாளி எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பாக்கெட் ஆறு வாங்கிவந்தான். ஒவ்வொன்றாகக் கரைத்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தான். உண்மையைச் சொல்ல வெட்கம். ஆறையும் குடித்தேன்.

ஊரில் மடையில் ஒரு சொட்டு இல்லாத வருஷம். நான் அங்கே குழாயைத் திறந்து விட்டிருக்கிறேன்.

02.07.2024

இரண்டு நாளாக யோசித்ததில் இன்னொன்று. பொய் எழுதியது நான் மட்டும் இல்லை. அம்மா தங்கச்சியை விட்டு எழுதிய பதில்களும் கட்டில் இருந்தன, நான் திரும்பி வரும்போது கொண்டுவந்தவை. "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ ஒடம்ப பாத்துக்க." அந்த ஐப்பசியில் கறவை மாட்டை விற்றிருக்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு கடிதத்தில், பால் வாங்குவதைப் பற்றித் தங்கச்சி வாய் தவறி எழுதியதில்தான் எனக்குத் தெரிந்தது.

09.07.2024

இன்று தேதியைப் பார்த்ததும் தரங்கம்பாடி ஞாபகம். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போன முதல் சுற்றுலா அதுதான். 1706 ஜூலை 9-ல் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் அங்கே வந்து இறங்கினார், கூட இன்னொரு பாதிரியார் புளுட்சோ. பாருங்கள், அவர்களும் இரண்டு பேர். கோபன்ஹேகனிலிருந்து ஏழு மாதத்துக்கு மேல் கப்பல். சீகன்பால்க் பிறந்தது 1682 ஜூலை 10. அதாவது இறங்கிய மறுநாள் இருபத்து நான்காவது பிறந்தநாள். டேனிஷ் கோட்டைத் தளபதிக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. பின்னால் ஒரு சண்டையில் நாலு மாதம் சிறையிலும் போட்டார்.

அவர் லுத்தரன், நாங்கள் வேறு, அந்தச் சண்டைக்கு வராதீர்கள். எனக்குப் பிடித்தது ஒரே விஷயம். தமிழ் கற்றுக்கொள்ளத் திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பையன்களோடு வரவழைத்து, அவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மணலில் விரலால் எழுதினார். படித்த மனுஷன், தரையில் உட்கார்ந்து அ, ஆ.

என் தெலுங்கு அந்த மாதிரிப் பிள்ளைகளிடம் கற்றதுதான். மாடிப்படியில் விளையாடும் வீட்டுக்காரர் பேத்திக்கு ஐந்து வயசு. நான் ஒரு பொருளைக் காட்டுவேன், அவள் பெயர் சொல்வாள். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பாதிக்கு மேல் அவளாகவே இட்டுக்கட்டிய பெயர்கள்.

14.07.2024

கேள்வி கேட்டவர் திரும்பவும் வந்திருக்கிறார். "சிரிப்பாக எழுதி மழுப்புகிறீர்கள். மதம் மாற்றப் போனீர்களா இல்லையா?"

போனேன். மழுப்பவில்லை. எங்கள் இடத்தில் வீடு வீடாகக் கதவு தட்டுவது இல்லை. சபையில் இருப்பவர்கள் யாராவது, இவருக்குக் கேட்க விருப்பம் என்று சொன்னால் அங்கே போவோம்.

முதல் பாடம் நடத்தியது ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் வீட்டில். அவர் மகன் சபைக்கு வந்துகொண்டிருந்தான், அப்பாவும் கேட்கட்டும் என்று கூப்பிட்டான். டீ வந்தது, வேண்டாம் என்றோம். முகம் சுருங்கியது. ராகி மால்ட் வந்தது, குடித்தோம். மலர்ந்தது. கூட்டாளி ஆரம்பித்தான். குடும்பம் என்பது சாவோடு முடிவதில்லை, என்றென்றைக்கும் சேர்ந்திருக்கலாம் என்பது இந்தச் சபையின் பெரிய நம்பிக்கை. அந்தப் பகுதி என்னுடையது. மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், சொன்னேன்.

பெரியவர் முழுக்கக் கேட்டார். அப்புறம் என் ஊர், அப்பா என்ன செய்கிறார், தண்ணீர் வந்ததா, வீட்டுக்குப் பேசினாயா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பேச அனுமதி இல்லை என்றேன். "ஆக, உன் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்து, என் வீட்டில் உட்கார்ந்து, குடும்பம் எவ்வளவு பெரியது என்று எனக்குச் சொல்கிறாய்" என்றார். கோபமாக இல்லை. கணக்குச் சரிபார்ப்பது மாதிரி.

எனக்குப் பதில் வரவில்லை. கூட்டாளி என்னவோ சொன்னான், தியாகம் என்ற வார்த்தை அதில் இருந்தது. பெரியவர் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் மால்ட் வேண்டுமா என்று கேட்டார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. ஆனால் ஒன்று, அவரிடம் பாடம் சொல்லப் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

15.07.2024

நேற்று எழுதியதன் கடைசி வரி கொஞ்சம் சாமர்த்தியமாக இருக்கிறது. அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். அம்மா கேட்டிருப்பாள், நான் விடவில்லை, அதுதான் நிஜம்.

20.07.2024

இப்போது கூட்டாளியைப் பற்றி. மூன்றாம் வாரம்வரை அவனுக்கும் எனக்கும் பாடம், ஜெபம், சமையல் தவிரப் பேச்சே கிடையாது. சமையல் என்றால் நான் ஆக்குவேன், அவன் கழுவுவான். ஒரு நாள் அவன் ஊர் பெயர் என்ன என்று கேட்டேன். டெல்டா என்றான்.

என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை, யூட்டாவில் டெல்டா என்றே ஒரு ஊர் இருக்கிறது. செவியர் ஆறு பாயும் இடம். சுற்றிலும் பாலைவனம், நடுவில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்கிறார்கள். அவன் அப்பா குதிரைமசால் போடுகிறவர், மாட்டுத் தீவனப் பயிர். மேலே ஒரு அணை, செவியர் பிரிட்ஜ் என்று பெயர். அங்கிருந்து திறந்தால்தான் இவர்களுக்குத் தண்ணீர். அந்த ஆறு கடலுக்கே போகாதாம், ஒரு ஏரியில் போய் முடியும், அந்த ஏரியும் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். நம் காவிரியும் இப்போது பூம்புகாருக்குப் போய்ச் சேரும் லட்சணம் எனக்குத் தெரியும். "நீயும் டெல்டா, நானும் டெல்டா" என்றேன். அன்று ராத்திரி பத்தரை மணி விதியை இரண்டு பேரும் சேர்ந்து மீறினோம்.

1847-ல் இவர்கள் முன்னோர் யூட்டாவுக்கு வந்து சேர்ந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஓடையைத் திருப்பி நிலத்தில் விட்டு உருளைக்கிழங்கு நட்டது. அவனுக்கும் பத்து வயசிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய் மடை திறந்து பழக்கம். தண்ணீர் முறை எப்போது வருகிறதோ அப்போது போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் என்றாலும் தண்ணீர் காத்திருக்காது என்று சொல்லிச் சிரித்தான்.

அடுத்த பி-டே இரண்டு பேரும் தவளேஸ்வரம் போனோம். காட்டன் துரை 1852-ல் கட்டி முடித்த அணைக்கட்டு, இப்போது இருப்பது அதற்குப் பதில் பின்னால் கட்டியது. ஆர்தர் காட்டன் அதற்கு முன்னால் 1836 வாக்கில் நம் கொள்ளிடத்தில் மேலணை, கீழணை இரண்டையும் கட்டியவர், கல்லணையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். நம்ம அணைக்கரைப் பாலத்தில் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், அவர் பெயர்கூடத் தெரியாது. அங்கே அவருக்குச் சிலை, மாலை. கூட்டாளி ரொம்ப நேரம் நின்று பார்த்தான். தண்ணீர் கொண்டுவந்த ஆளுக்கு மாலை போடுகிறார்கள், இது சரிதான் என்றான்.

நான் திரும்பி ஓடாமல் இருந்தது எதனால் என்று கேட்டால், ஜெபத்தால் என்று அப்போது சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால், அந்தத் திங்கட்கிழமை.

21.07.2024

ஒன்று விட்டுவிட்டேன். ஓஆர்எஸ் விஷயம். அந்தத் திங்கட்கிழமை திரும்பும்போதுதான் சொன்னான், அவனுக்கு அப்போதே தெரியுமாம். வந்த முதல் மாதம் அவனும் குழாயைத் திறந்து விட்டவன்தான். பிறகு எதற்கடா ஆறு பாக்கெட் வாங்கினாய் என்றேன். அழுதால் உப்புப் போகும் இல்லையா என்றான்.

26.07.2024

முதல் நாட்களைத் தாண்டி இரண்டாம் மாதத்துக்கு வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது சேர்ந்தால்தான் அது முழுசாகும்.

செப்டம்பர் கடைசியில் அப்பாவிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு. அவர் கையெழுத்து. என் பெயர் இல்லை, அன்புள்ள இல்லை. "மேட்டூர் திறந்தாச்சு. நம்ம மடைக்கு இன்னும் வரலை." அவ்வளவுதான்.

கூட்டாளி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான், சொன்னேன். உடனே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டான். உங்களுக்கு முறை எத்தனை மணி நேரம்? யார் தீர்மானிப்பது? ராத்திரி மடையில் படுப்பீர்களா? மூன்று கேள்வி. நான் தமிழில் எழுதி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. முகவரியில் என் பெயர். உள்ளே "டெல்டா தம்பிக்கு" என்று ஆரம்பம். என்னோடு பேசாத மனுஷன் அவனுக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். "தண்ணி நெறைய வந்தா மொறை வேண்டாம். வரலைன்னா மொறை வச்சு என்ன பிரயோசனம். கொஞ்சமா வந்தா மம்பட்டி." கூட்டாளி அதை மூன்று தடவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டான். தன் அப்பாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினான். எங்கள் ஊரிலும் அதேதான் என்று அவர் பதில் போட்டார். அவர்கள் ஊரில் நிலம் வாங்கினால் மட்டும் போதாது, பாசனக் கம்பெனியில் தண்ணீருக்குத் தனியாகப் பங்கு வாங்க வேண்டும் என்று நான் எழுதியதற்கு அப்பாவின் பதில் ஒரே வரி. "தண்ணிக்குப் பத்திரமா? அந்த ஊர் வேண்டாம், தம்பியை இங்க வரச் சொல்லு."

அக்டோபர் 6-ம் தேதி சபையில் பெரிய அறிவிப்பு, பையன்கள் 18 வயதிலேயே ஊழியம் போகலாம், பெண்கள் 19-ல். உலகம் முழுக்க ஆர்ப்பாட்டம். எங்கள் வீட்டில் அன்று பேச்சு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் ஷட்டரை எவ்வளவு தூக்கினார் என்பது.

அந்தக் கடிதங்களில் அப்பா எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. தமிழில் எழுதினார், அவனுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு வரியையும் நான் வாசித்தால்தான் உண்டு. இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

29.07.2024

நேற்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். கர்நாடகத்தில் கொட்டுகிறது, அணை நிரம்பப் போகிறது. ஜூன் முழுக்க வறட்சி, ஜூலை கடைசியில் வெள்ளம். இதற்கு என்ன பெயர் வைப்பது? நாற்றங்கால் வேலை இருக்கிறது, இனி பதில்கள் தாமதமாகும்.

03.08.2024

ஆடிப்பெருக்கு. கொள்ளிடத்தில் கரை கொள்ளாமல் கடலுக்குப் போகிறது. எங்கள் வாய்க்காலில் போன வருஷத்துச் சருகு. அம்மா பம்புசெட் தொட்டியில் மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிட்டாள். அந்தத் தொட்டித் தண்ணீர் உப்பு. தயிர்சாதம் கட்டினாள். தங்கச்சி என் இலையில் ஊற்றும்போது "பெருகு?" என்றாள். இதை எழுதியதே தப்பு.

07.08.2024

கூட்டாளியிடமிருந்து வாட்ஸ்அப். இப்போது அவனும் குதிரைமசால்தான், அப்பா நிலத்தைப் பார்க்கிறான். வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் ஒரே கேள்வி: தண்ணீர் வந்ததா?

அப்பா மடையில் நின்றுகொண்டிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டி. சத்தமாகக் கேட்டேன்.

"வந்துச்சு. கணுக்கால் அளவு. ராத்திரி கூடும்னு போடு." போட்டேன். திரும்பி நடந்தவர் நின்றார்.

"மூணாவது அறுப்பு ஆச்சான்னு கேளு."